போர் தண்ணீரின் வெள்ளைக் கறை: எதைப் போட்டால் கறை போகும், எதைப் போட்டால் தரையே போகும்

கேட்டதைச் சுருக்கமாக முதலில் எழுதிவிடுகிறேன். கோவையில் ஒரு பழைய வாடகை வீட்டுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். சிறுவாணித் தண்ணீர் சமையலுக்கும் குடிக்கவும்தான் போதும். குளியலறைக்கு வருவது போர் தண்ணீர். சுவர் டைல்ஸ் முழுக்க வெள்ளை படிந்திருக்கிறது, குழாய் வாயில் கட்டி தொங்குகிறது, ஷவரில் பாதித் துளை அடைத்துவிட்டது. தரை மொசைக், சோப்பு வைக்கும் பலகை கடப்பா கல். வினிகரில் சோடா உப்பைக் கலந்து தேய்த்தும் போகவில்லை. தெருவில் வண்டியில் விற்கும் ஆசிட்டை ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஊற்றலாமா?

ஊற்ற வேண்டாம். ஏன் வேண்டாம் என்று புரிந்துகொண்டால், எதைச் செய்யலாம் என்பதும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நாம் எல்லோரும் இதை உப்புக் கறை என்கிறோம், தண்ணீரை உப்புத் தண்ணீர் என்கிறோம். பேச்சுக்குச் சரி. ஆனால் சுவரில் ஒட்டியிருப்பது சமையல் உப்பு வகை அல்ல. அப்படி இருந்தால் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றியதும் கரைந்து ஓடியிருக்கும். அது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். கூடவே கொஞ்சம் மெக்னீசியமும் இருக்கும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் பாறையிலும் சுக்கான் கல்லிலும் இருக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புக் கல் வெட்டி சிமெண்ட் செய்கிறார்கள் என்பது கோவைக்காரர்களுக்குத் தெரியும். அதே வகைப் பொருள்தான் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து உங்கள் மோட்டார் வழியாக மேலே வருகிறது. சுவரில் தெறித்த துளி காயும்போது தண்ணீரும் வாயுவும் போய்விடும், சுண்ணாம்பு மட்டும் திரும்பவும் கல்லாகி நின்றுவிடும். சூடுபடுத்தினால் இது இன்னும் வேகமாக நடக்கும். கீசருக்குள்ளும் வெந்நீர்க் குழாயிலும் கறை அதிகமாக இருப்பது அதனால்தான்.

அளவும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவைக் கடினத்தன்மை என்பார்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், 20 லிட்டர் வாளி ஒன்றில் 10 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான பொருள் கரைந்திருக்கிறது. பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். ஆனால் காயும் ஒவ்வொரு துளியும் தன் பங்கை வைத்துவிட்டுப் போகும். பல வருடம் பல குடும்பங்கள் குளித்த சுவரில் பூச்சுப் போல ஏறியிருப்பதில் வியப்பில்லை.

சுண்ணாம்பு என்று தெரிந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடும். சோப்புத் தூளோ சோடா உப்போ எவ்வளவு போட்டாலும் சுண்ணாம்பு கரையாது. அமிலம் பட்டால்தான் நுரைத்துக் கரையும். நீங்கள் வினிகரில் சோடா உப்பைக் கலந்தபோது நன்றாக நுரைத்திருக்கும், வேலை நடக்கிறது என்று தோன்றியிருக்கும். அந்த நுரை அவை இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டதால் வந்தது. சுவருக்கு மிஞ்சியது ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான். இந்தக் கலவையை எத்தனையோ பேர் பரிந்துரைக்கிறார்கள், எத்தனையோ பேர் கை வலிக்கத் தேய்க்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: கடினநீர்க் கறைக்கு அதைக் கலக்கவே கலக்காதீர்கள். வினிகரைத் தனியாகப் போட்டிருந்தால் பாதிக் கறையாவது இளகியிருக்கும்.

அமிலம்தான் மருந்து என்றால் வண்டிக்கார ஆசிட்டில் என்ன குறை? அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், கடுமையானது. சுண்ணாம்பு எங்கே இருந்தாலும் கரைக்கும், கறையா தரையா என்று பார்க்காது. கடப்பா கல் சுண்ணாம்புக் கல். மொசைக் என்பது சிமெண்டில் பதித்த பளிங்குச் சில்லுகள். பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். டைல்ஸ் இடுக்கில் அடைத்திருக்கும் வெள்ளை சிமெண்டும் அமிலத்துக்குத் தாங்காது. ஆக உங்கள் குளியலறையில் போக வேண்டிய பொருளும் இருக்க வேண்டிய பொருளும் ஏறக்குறைய ஒன்றே.

எங்கள் வீட்டில் 2011-இல் இது நடந்தது. சுத்தம் செய்ய வந்தவர் நான் வெளியே போயிருந்த அரைமணி நேரத்தில் ஆசிட்டை அப்படியே ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துவிட்டார். டைல்ஸ் பளிச்சென்று இருந்தது. கருகருவென்று கண்ணாடி போல இருந்த கடப்பா பலகை சாம்பல் பூத்துச் சொரசொரத்துப் போயிருந்தது. எண்ணெய் தடவினால் இரண்டு நாளைக்குக் கறுக்கும், பிறகு பழையபடி. அடுத்த மழைக்காலத்தில் குளியலறைக்கு அந்தப்பக்கம் இருந்த படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியது. டைல்ஸ் இடுக்கில் இருந்த பூச்சு அரித்துப்போய், தண்ணீர் அது வழியாகச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. இடுக்கு முழுவதையும் சுரண்டி எடுத்து மறுபடி அடைக்க வேண்டியதாயிற்று. வாடகை வீட்டில் இருக்கும் உங்களுக்கு இது நடந்தால், அட்வான்ஸ் பணத்தில் கழித்துக்கொள்வார்கள்.

நான் பரிந்துரைப்பது சிட்ரிக் ஆசிட். பெரிய பலசரக்குக் கடையிலும் கேக் சாமான் விற்கும் கடையிலும் சர்க்கரை போல வெள்ளைத் தூளாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் போதும். கொதிக்கவைக்க வேண்டாம்: சிட்ரிக்கும் கால்சியமும் சேர்ந்து உருவாகும் பொருள் சூட்டில் எளிதாகக் கரையாமல் புது வெள்ளையாகப் படியும். வினிகரும் நல்லதே. கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4, 5 சதவீதம் இருக்கும், ஒரு லிட்டர் வினிகர் அதிகபட்சம் 40 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். ஆனால் வாசம் மூக்கைத் துளைக்கும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும், ஒரு சுவருக்கு எத்தனை பழம் பிழிவது என்பதுதான் கேள்வி. பித்தளைப் பாத்திரத்துக்குப் போடுகிற புளியிலும் அமிலம் இருக்கிறது. ஆனால் அதன் பழுப்பு நிறம் டைல்ஸ் இடுக்கில் இறங்கிவிடும், சுவருக்கு வேண்டாம்.

பலவீனமான அமிலத்துக்கு வேண்டியது நேரம். தெளித்த உடனே தேய்த்துக் கழுவிவிட்டு "போகவில்லையே" என்பவர்களே அதிகம். சுவரில் தெளித்தது இரண்டு நிமிடத்தில் வழிந்து கீழே போய்விடும், அப்புறம் எதைக் கரைக்கும்? பழைய பருத்தி வேட்டித் துணியைக் கிழித்துக் கரைசலில் நனைத்துச் சுவரில் ஒட்டுங்கள், மேலே பாலிதீன் தாளை வைத்துக் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் போதும்.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, சோப்புப் படலத்தை எடுப்பது. கடினநீரில் இருக்கும் கால்சியம் குளியல் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறுகிறது. வாளி விளிம்பில் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று இருக்குமே, அதுதான். சுண்ணாம்பின் மேல் இது போர்த்தியிருக்கும் வரை அமிலம் உள்ளே போகாது. பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் வெந்நீரும் போட்டு முதலில் இதைக் கழுவிவிடுங்கள். இரண்டாவது, துணியை ஒட்டும் முன் சுவரை வெறும் தண்ணீரால் நன்றாக நனைத்துவிடுங்கள். இடுக்கில் இருக்கும் சிமெண்டின் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்திருந்தால் அமிலம் அவ்வளவாக உள்ளே இழுக்காது. தரை மொசைக் என்பதால், சுவரிலிருந்து வழிவது தரையில் தேங்காமல் பழைய துண்டுகளைச் சுருட்டிச் சுவரோரம் போட்டு, தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்யுங்கள். இதைச் சிரமம் பார்க்காதீர்கள்.

அரைமணி கழித்துத் துணியை எடுத்தால் கறை இளகி மாவு போல இருக்கும். தேங்காய் நாரோ பிளாஸ்டிக் பிரஷோ போதும். தடித்த இடங்களைப் பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்டலாம். கம்பி நார் வேண்டாம். டைல்ஸ் பூச்சில் கீறல் விழுந்தால் அடுத்த கறை அந்தக் கீறலில்தான் முதலில் பிடிக்கும். பல வருடக் கறை ஒரே தடவையில் போகாது. நுரைப்பது நின்றுவிட்டால் அந்தக் கரைசல் தீர்ந்துவிட்டது என்று பொருள், புதிதாக நனைத்து ஒட்டுங்கள். இரண்டு மூன்று சுற்று ஆகும். ஒரு நாளைக்கு ஒரு சுவர் என்று வைத்துக்கொண்டால் உடம்பும் தாங்கும், இடுக்கும் தாங்கும். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் அன்றைக்கே புதுப் புள்ளிகள் வந்துவிடும்.

குழாய்களுக்கு இதே முறைதான், ஆனால் நேரம் குறைவு. பளபளக்கும் குழாய் என்பது பித்தளை மேல் நிக்கலும் குரோமியமும் மெல்லிசாக ஏற்றியது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை கழுவிப் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் மறுபடி துணியைச் சுற்றுங்கள். பூச்சு ஏற்கெனவே உரிந்த இடம் இருந்தால் அங்கே அமிலம் பட வேண்டாம், பித்தளையைத் தின்னும். கறுப்பு, தங்க நிறக் குழாய்களில் அமிலமே வேண்டாம். குழாய் வாயில் சல்லடை வைத்த சின்ன மூடி இருக்கும், ஏரேட்டர் என்பார்கள். தண்ணீர் கோணலாகப் பீய்ச்சுவது அது அடைத்துக்கொண்டதால்தான். துணியைச் சுற்றிக் கையால் திருகினால் கழன்றுவிடும். உள்ளே இருக்கும் வாஷர், சல்லடைகளின் வரிசையை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் கரைசலில் அரைமணி ஊறப்போடுங்கள். ஷவரைக் கழற்ற முடிந்தால் கழற்றி வாளியில் ஊறவையுங்கள். முடியாவிட்டால் பாலிதீன் பையில் கரைசலை ஊற்றி ஷவர் தலை மூழ்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். பிறகு ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்தி, தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டால் உள்ளே இருந்த துகள்கள் வெளியே வரும். மிஞ்சிய கரைசலை வீணாக்காதீர்கள், பிளாஸ்டிக் வாளியையும் மக்கையும் அதிலேயே ஊறவைத்தால் வெளுத்துவிடும்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் நேரடியாகத் தெளிக்காமல், துணியில் நனைத்துத் துடையுங்கள். விளிம்பு வழியாகப் பின்னால் இறங்கினால் ரசம் கறுத்துவிடும். சில கண்ணாடிகளில் இரண்டு முறை செய்த பிறகும் மங்கல் போகாது, நகத்தால் தடவினால் வழவழவென்றே இருக்கும். அங்கே சுண்ணாம்பு போய்விட்டது. மிஞ்சியது சிலிக்கா படிவோ கண்ணாடியே அரிபட்டதோதான். அமிலம் அதற்கு உதவாது. கண்ணாடிக் கடைக்காரர்கள் சீரியம் ஆக்சைடு போட்டு மெருகேற்றுவார்கள், செலவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கழிப்பறைக் கோப்பையில் மட்டும் கடையில் விற்கும் அமில டாய்லெட் கிளீனரைப் பயன்படுத்தலாம், பீங்கான் தாங்கும். தண்ணீர் மட்டத்தில் இருக்கும் வளையம் போகவில்லை என்று பலர் சொல்வார்கள். தேங்கிய தண்ணீருக்குள் ஊற்றினால் மருந்து நீர்த்துப்போகிறது, அதுதான் காரணம். பிரஷ்ஷால் தண்ணீரை உள்ளே தள்ளி மட்டத்தைக் குறைத்துவிட்டு வளையத்தின் மேல் நேராக ஊற்றி அரைமணி விடுங்கள்.

குழாய்க்கு நேர் கீழே மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ கோடு இருந்தால் அது இரும்பு. அதற்கும் சிட்ரிக் ஆசிட்டே வேலை செய்யும், இன்னும் கொஞ்ச நேரம் விட வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்டால் இரும்பு இன்னும் துருவாகி அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

பிளீச்சிங் பவுடர் என்றதும் இந்தப் பதிலிலேயே முக்கியமான எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் மூன்றையும் ஒரே வண்டியில் விற்கிறார்கள், ஒரே மூலையில் வைக்கிறோம். பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ இருக்கும் இடத்தில் எந்த அமிலம் பட்டாலும், வினிகரோ சிட்ரிக்கோ டாய்லெட் கிளீனரோ, குளோரின் வாயு வரும். நம் குளியலறைகள் சிறியவை, ஜன்னல் ஒரு சாண். நுரையீரலைப் பதம் பார்க்க அந்த அளவு போதும். இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டாம். மூக்கில் சுரீரென்று ஏறினால், கழுவிவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள்; உடனே வெளியே வந்து கதவைத் திறந்து வையுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். சிட்ரிக் ஆசிட்டுக்கே கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே கடும் ஆசிட் பாட்டில் இருந்தால் குளியலறைக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து கசியும் ஆவியே எவர்சில்வர் டவல் கம்பியைப் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்க வைக்கும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தால் குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. கடையில் ஆசிட் விற்பதற்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தது. வாங்குபவரின் பெயர், முகவரி, காரணம் எல்லாம் பதிய வேண்டும். பினாயில் போலக் கேட்ட உடனே ஊற்றிக்கொடுக்கும் பொருள் அல்ல அது.

சரி, மொசைக்கையும் கடப்பாவையும் என்ன செய்வது? எந்த அமிலமும் வேண்டாம், எலுமிச்சை கூட வேண்டாம். சோப்பு நீரில் நனைத்து, பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து மெதுவாகச் சுரண்டினால் மேலே நிற்கும் படிவு செதிலாக வரும். மீதி மங்கலுக்கு பாலிஷ்தான் வழி. மொசைக் பாலிஷ் போடுபவர்கள் கடைசியில் ஆக்சாலிக் ஆசிட் போடுகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அது கல்லின் மேல் கரையாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கி மெருகு தருகிறது, ஹைட்ரோகுளோரிக் போலக் கரைத்துக்கொண்டே போவதில்லை. அது நச்சுப் பொருள், அதை அந்த வேலை தெரிந்தவர்களிடம் விடுங்கள். உங்கள் பலகை கடப்பாவா கிரானைட்டா என்று சந்தேகம் வந்தால், கண்ணில் படாத அடிவிளிம்பில் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். பட்ட இடம் வெளுத்தால் கடப்பா.

வேலையைத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பு இருந்தவர்கள் ஆசிட் ஊற்றியிருந்தால், கறை போன பிறகுதான் அரித்த இடமெல்லாம் வெளியே தெரியும்.

மறுபடி படியாமல் இருக்க ஒரு வழிதான் உண்மையில் பலன் தருகிறது: துளியைக் காயவிடாமல் இருப்பது. குளித்து முடித்ததும் கைவைப்பரால் சுவரை மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு, குழாயை ஒரு துடைப்பு. வீட்டில் எல்லோரும் செய்ய வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டம். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றிவிடுங்கள், கட்டி தொங்குவது அங்கேதான்.

கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் கருவி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள், டி.டி.எஸ். 1,400 என்று விற்பனையாளர் அளந்து காட்டினார் என்று. டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் எல்லாவற்றின் கூட்டுத்தொகை. அதில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று அந்தக் கருவி சொல்லாது. கறைக்குக் காரணம் கடினத்தன்மை, அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுவதை எண்ணும் சோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன, தண்ணீர் பரிசோதனைக் கூடத்திலும் கொடுக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரையும் வைத்திருக்கிறது. அதை ஒப்பிட்டுப் பாருங்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், அதனால் அதை மாட்டிய பிறகும் டி.டி.எஸ். ஏறக்குறைய அதேதான் காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதற்கு அடிக்கடி உப்புப் போட வேண்டும், அது கழுவி வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு விடக் கூடாது. சொந்த வீடு, கடினத்தன்மை 600-க்கு மேல் என்றால் நான் வாங்குவேன். வாடகை வீட்டில் வைப்பரும் ஒரு கிலோ சிட்ரிக் ஆசிட்டும் போதும். குழாயில் காந்தத்தை மாட்டினால் சுண்ணாம்பு படியாது என்று ஒரு கருவி விற்கிறார்கள், அதற்கு நான் பணம் தரமாட்டேன்.

கீசரை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். தண்ணீர் சூடாகும்போது கடகடவென்று சத்தம் வந்தால் ஹீட்டிங் காயிலில் படிவு ஏறியிருக்கிறது என்று பொருள். மெக்கானிக்கை வரவழைத்துக் காயிலைச் சுத்தம் செய்யும்போதே மெக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியைத் துருவிலிருந்து காப்பது அதுதான். அது கரைந்து தீர்ந்திருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவது நல்லது.